தீயணைப்பு வண்டி வந்து நின்றும் தண்ணீர் உடனே வராதது ஏன்?

மாடிப்படி கேட்டது:

ஒன்பது மாடி அடுக்ககம் ஒன்றுக்கு அவசரகாலத் திட்டம் எழுதிக்கொண்டிருக்கிறேன். இரண்டு படிக்கட்டு, ஒரு லிஃப்ட், தரைத்தளத்தில் தீயணைப்பு வண்டியின் குழாயைப் பொருத்தும் இன்லெட், ஒவ்வொரு தளத்திலும் ஹோஸைப் பொருத்தித் தண்ணீர் எடுக்கும் லேண்டிங் வால்வு, மண்ணுக்கடியில் தண்ணீர்த் தொட்டி. கையில் தூக்கும் தீயணைப்பான்களைப் பற்றி வேண்டிய அளவு படித்தாயிற்று, அதைக் கேட்கவில்லை.

அழைப்பு போன நொடியிலிருந்து குழாய் முனையில் தண்ணீர் வரும்வரை குழு எந்த வரிசையில் என்ன செய்கிறது? ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு நேரம்? வண்டி வந்து இரண்டு மூன்று நிமிடம் ஆகியும் தண்ணீர் அடிக்கவில்லை என்று சுற்றி நிற்பவர்கள் கொதித்துப்போகிறார்கள், சிலர் குழாயைப் பிடுங்கவும் போகிறார்கள். அந்த நிமிடங்களில் நடக்கும் வேலை என்னவென்று தெரிந்தால், அதில் எதைக் கட்டடத்தில் இருப்பவர்களால் குறைக்க முடியும் என்று திட்டத்தில் எழுதிவிடலாம்.

கட்டுப்பாட்டுமேசை எழுதியது:

முதலில் நேரக் கணக்கு. அமெரிக்காவின் தேசியத் தீப் பாதுகாப்புச் சங்கத்தின் என்.எஃப்.பி.ஏ. 1710 தரநிலை வைத்திருக்கும் இலக்கை அளவுகோலாக எடுத்துக்கொள்ளலாம்: தீ அழைப்புக்கு உடுப்பு மாட்டி வண்டி நகர 80 நொடி, முதல் வண்டி வந்து சேர 240 நொடி. அழைப்பைக் கேட்டு வண்டிக்குத் தகவல் கொடுக்க இன்னும் ஒரு நிமிடம் வைத்துக்கொள்ளுங்கள். எல்லாம் ஒழுங்காக நடந்தாலே ஆறு நிமிடத்துக்கு மேல் ஆகிவிடும். நெரிசல், குறுகிய பாதை, பூட்டிய கேட் எல்லாம் இதற்கு மேல்.

அழைப்பில் முதலில் சொல்ல வேண்டியது முகவரி. "ஐயோ நெருப்பு" என்று தொடங்கி இருபது நொடி போன பிறகு இணைப்பு அறுந்தால், கட்டுப்பாட்டு அறையில் இருக்கும் எங்கள் கையில் ஒன்றுமே இருக்காது. முகவரி மட்டும் கிடைத்துவிட்டால், அதன் பிறகு அறுந்தாலும் வண்டி கிளம்பிவிடும். அடுத்து எந்த பிளாக், எந்தத் தளம், என்ன எரிகிறது, உள்ளே ஆள் இருக்கிறார்களா, நடக்க முடியாதவர் யாராவது உண்டா, சிலிண்டரோ சார்ஜில் இருக்கும் வண்டியோ பக்கத்தில் உண்டா. "இத்தனை கேள்வி கேட்கிறார்களே, வண்டியை அனுப்ப மாட்டார்களா" என்று பலர் கோபப்படுவார்கள். வண்டி ஏற்கெனவே நகர்ந்திருக்கும். பதில்கள் ரேடியோவில் ஓடும் வண்டிக்குப் போய்க்கொண்டிருக்கும். ஏணி வண்டி வேண்டுமா, கூடுதல் தண்ணீர் வண்டி வேண்டுமா என்பது அந்தப் பதில்களை வைத்துத்தான் முடிவாகிறது.

நடக்கும் தவறுகள் பெரும்பாலும் மூன்று. வேறு யாராவது அழைத்திருப்பார்கள் என்று எல்லோரும் சும்மா இருப்பது. அழைத்துவிட்டு உடனே உறவினர்களிடம் பேசத் தொடங்கி, நாங்கள் திருப்பி அழைத்தால் எண் கிடைக்காமல் போவது. தீ அடங்கிவிட்டது என்று பார்த்தவர்களே முடிவு செய்து "வர வேண்டாம்" என்பது. மூன்றாவதுதான் மோசமானது. பொய்க்கூரைக்கு மேலும் சுவரின் உட்குழிவிலும் கனல் ஒளிந்திருந்து மறுபடி பற்றும். வந்து பார்த்துவிட்டுப் போவது எங்கள் வேலையின் பகுதி.

சின்னத் தீக்கு ஏன் மூன்று வண்டி என்பதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன். உள்ளே போக இருவர், அவர்களுக்கு ஆபத்தென்றால் இழுத்துவர வெளியே தயாராக இருவர், பம்ப்பில் ஒருவர், கட்டளையிட ஒருவர், தண்ணீர் ஆதாரத்தை இணைக்க, ஏணி வைக்க, தேட என்று எண்ணிக்கொண்டே போங்கள். ஒரு சாதாரண வீட்டுத் தீக்கே பன்னிரண்டு பேருக்கு மேல் வேண்டும்.

பம்ப்பேனல் எழுதியது:

வண்டி நின்ற பிறகு நடப்பதை நான் சொல்கிறேன். உங்கள் கேள்வியின் மையம் இங்கேதான் இருக்கிறது.

ஓட்டி வந்தவர் நிறுத்தியதும் ஹேண்ட் பிரேக், சக்கரத்துக்குக் கட்டை, பிடிஓ என்ற விசைமாற்றியைப் போட்டு எஞ்சின் விசையைப் பம்ப்புக்கு மாற்றுவது, தொட்டியிலிருந்து பம்ப்புக்குப் போகும் வால்வைத் திறப்பது. பழகியவருக்கு அரை நிமிட வேலை. அதே நேரத்தில் மற்றவர்கள் டெலிவரி ஹோஸை விரித்து ஓடுகிறார்கள். இப்போதே தண்ணீரைத் திறந்துவிடலாமே என்று தோன்றும். திறக்கக் கூடாது.

காரணம் எடை. 63 மி.மீ. ஹோஸ் 15 மீட்டர் நீளம் ஒன்றுக்குள் சுமார் 47 லிட்டர் தண்ணீர் நிற்கும். தண்ணீர் மட்டுமே 47 கிலோ. காலியாக இருந்தால் ஒரே ஆள் தோளில் போட்டுக்கொண்டு மாடியேறலாம். நிரம்பியதை மூன்று பேர் சேர்ந்தாலும் படிக்கட்டுத் திருப்பத்தில் வளைக்க முடியாது. அதனால் எரியும் வீட்டு வாசல்வரை உலர்ந்த குழாயைக் கொண்டுபோய், மடிப்பு இல்லாமல் பரப்பி, தண்ணீரைப் பீய்ச்சும் முனைக்கருவியான பிரான்ச்சைப் பொருத்தி, முன்னேறும்போது இழுத்துக்கொள்ள ஒரு சுற்றை அங்கேயே உபரியாகப் போட்டுவைத்து, பிறகுதான் பிரான்ச் பிடித்திருப்பவர் "தண்ணீர் விடு" என்று சொல்வார். அந்தச் சொல் வராமல் வால்வைத் திறக்கும் பம்ப் ஆபரேட்டர் தன் ஆட்களையே ஆபத்தில் தள்ளுகிறார். ஆறு நீளம் போட்டிருந்தால் குழாயை நிரப்பவே 280 லிட்டர் போகும். முனையில் முதலில் வருவதும் காற்றுதான், பிறகே தண்ணீர்.

அழுத்தக் கணக்கு இது. பிரான்ச் முனையில் 7 பார் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு மீட்டர் உயரத்துக்கும் 0.1 பார் கூட்ட வேண்டும், எனவே 24 மீட்டர் மேலே போனால் 2.4 பார். உராய்வு இழப்பு தனி. நிமிடத்துக்கு 450 லிட்டர் ஓடும்போது 63 மி.மீ. குழாயில் 30 மீட்டருக்குச் சுமார் கால் பார்தான் போகும். அதே ஓட்டத்துக்கு 45 மி.மீ. குழாயில் ஒன்றரை பார் போய்விடும். ஓட்டத்தை இரட்டிப்பாக்கினால் இழப்பு நான்கு மடங்கு. ஆகவே வண்டியிலிருந்து கட்டடம்வரை பெரிய குழாய், கடைசித் துண்டு மட்டும் சிறியது. ஒரு கார் டயர் குழாய்மேல் ஏறி நின்றாலோ, கதவிடுக்கில் ஒரு மடிப்பு விழுந்தாலோ இந்தக் கணக்கு முழுவதும் வீண். மேலே இருப்பவர் கையில் தண்ணீர் தொய்ந்து விழும். கூட்டத்தைத் தள்ளி நிற்கச் சொல்வதன் முதல் காரணம் இதுதான்.

இன்னொன்று, 7 பாரில் 450 லிட்டர் பாயும் பிரான்ச் சுமார் 27 கிலோ விசையுடன் பின்னுக்குத் தள்ளும். பழகாதவர் பிடுங்கினால் கையை விட்டுப் பாம்பு போலத் துள்ளி, பக்கத்தில் நிற்பவரின் எலும்பை உடைக்கும்.

"தண்ணீர் இல்லாமல் வந்துவிட்டார்கள்" என்ற புகார் பற்றியும் சொல்ல வேண்டும். 4,500 லிட்டர் தொட்டி, நிமிடத்துக்கு 450 லிட்டர் போகும் ஒரு குழாய்க்குப் பத்து நிமிடம் வரும். இரண்டு குழாய் என்றால் ஐந்தே நிமிடம். எனவே முதல் குழாய் ஓடத் தொடங்கிய கணமே அடுத்த தண்ணீருக்கான வேலையும் தொடங்க வேண்டும். ஹைட்ரன்ட் என்ற தீயணைப்புத் தண்ணீர்க் குழாய், பின்னால் வரும் வண்டி, அல்லது உங்கள் நிலத்தடித் தொட்டி.

தொட்டியிலிருந்து உறிஞ்சுவதில்தான் நிறையத் தவறு நடக்கும். மையவிலக்குப் பம்ப்பால் காற்றை இழுக்க முடியாது, முதலில் பிரைமிங் செய்து வெற்றிடம் உண்டாக்க வேண்டும். ஏட்டுக் கணக்கில் பத்து மீட்டருக்கு மேல் உறிஞ்சலாம், நடைமுறையில் ஏழு மீட்டரே பெரிது. சக்‌ஷன் ஹோஸின் ஒரு இணைப்பில் வாஷர் இல்லையென்றால் காற்று புகுந்து தண்ணீர் ஏறவே ஏறாது. அந்த ஹோஸின் முனையில் உள்ள வடிகட்டியான ஸ்ட்ரெய்னர் நீர்மட்டத்துக்கு இரண்டடியாவது கீழே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சுழல் விழுந்து காற்றை இழுக்கும். தரையில் படுத்தால் சேற்றை இழுக்கும். உங்கள் திட்டத்தில் எழுத வேண்டியது: தொட்டியின் மூடி எங்கே, அதைத் தூக்கும் கம்பி எங்கே, வண்டி அதன் பக்கத்தில் வந்து நிற்க முடியுமா. மூடிக்குமேல் பூந்தொட்டி அடுக்கி வைத்திருந்தால் அந்தத் தண்ணீர் இருந்தும் இல்லாததுதான்.

இருவர்உள்ளே எழுதியது:

பம்ப்பேனல் சொன்னதற்கு மறுபக்கம். குழாய் விரியும் அந்த நேரத்தில் குழுத் தலைவர் கட்டடத்தைச் சுற்றி நடந்துகொண்டிருப்பார். பார்ப்பவர்களுக்கு உலாவுவது போலத் தெரியும். அவர் புகையைப் படிக்கிறார். எந்தச் சன்னலில் வருகிறது, என்ன நிறம், எவ்வளவு வேகம், சன்னல் கண்ணாடியில் கரிப்படலம் உண்டா, பின்பக்கம் யாராவது தொங்குகிறார்களா. கதவிடுக்கில் புகை வெளியே வந்து மறுபடி உள்ளே இழுபட்டு, மூச்சு விடுவது போலத் துடித்தால் உள்ளே வெப்பமும் எரியக்கூடிய புகைவாயுக்களும் இருக்கின்றன, காற்று மட்டும் இல்லை என்று பொருள். அந்த நிலையில் கதவைத் திறப்பவர் முகத்தில் அறை வெடிக்கும்.

பொதுமக்கள் உதவி என்று நினைத்து அடிக்கடி செய்யும் கெடுதல் சன்னல் கண்ணாடியை உடைப்பது. புகை போகட்டும் என்று உடைக்கிறார்கள், காற்று உள்ளே போகிறது. மூச்சுத் திணறி அடங்கிக் கிடந்த தீ எழுந்து நிற்கும். இன்றைய அறைகலன்களில் நுரை மெத்தையும் பிளாஸ்டிக்கும் அதிகம். காற்று கிடைத்தால், பற்றிய சில நிமிடங்களில் கூரையோரப் புகை 500 முதல் 600 டிகிரி செல்சியஸ் வரை ஏறி, அறையில் உள்ள எல்லாமே ஒரே நேரத்தில் பற்றிக்கொள்ளும். ஃப்ளாஷ்ஓவர் என்பது அதுதான். முழு உடுப்பில் இருக்கும் வீரரும் அதில் சில நொடிகளுக்கு மேல் தாங்க மாட்டார். நாங்களும் கண்ணாடியை உடைப்போம், கூரையில் துளை போடுவோம். ஆனால் தண்ணீர் நிரம்பிய குழாய் வாசலில் தயாரான பிறகு, உள்ளே போகும் குழுவிடம் சொல்லிவிட்டு, தீ இருக்கும் பக்கத்தில் மட்டும். தண்ணீர் வருமுன் திறந்தால் தீக்கு ஊட்டுவது, தண்ணீருடன் திறந்தால் புகைக்கு வழிவிடுவது. இரண்டும் பார்வைக்கு ஒரே செயல்.

மூச்சுக்கருவி பற்றி. 6.8 லிட்டர் சிலிண்டரில் 300 பார் அடைத்தால் ஏறக்குறைய 2,000 லிட்டர் காற்று. நிமிடத்துக்கு 40 லிட்டர் என்று கணக்குப் போட்டால் ஐம்பது நிமிடம். குழாயை இழுத்துக்கொண்டு மாடியேறுபவர் 80 லிட்டர் கூட இழுப்பார், அப்போது இருபத்தைந்தே நிமிடம். அதில் திரும்பி வருவதற்கும் மிச்சம் வேண்டும். சுமார் 55 பாரில் விசில் ஊதும். விசில் ஊதும்போது வெளியே இருக்க வேண்டும், அப்போது கிளம்பத் தொடங்குவது தாமதம். ஆகவே வாசலில் ஒருவர் பலகையில் பெயர், உள்ளே போன நேரம், அப்போதைய அழுத்தம் மூன்றையும் எழுதிக்கொண்டு நிற்பார். முகமூடி இறுக்கமாக இருக்கிறதா என்று ஒருவரையொருவர் சோதிப்பதற்கும் சேர்த்து ஒரு நிமிடம் போகும். அதை மிச்சப்படுத்தப் பார்த்தால் மீட்கப் போனவரையும் மீட்க வேண்டிவரும்.

உள்ளே தண்ணீரை அள்ளிக் கொட்டுவதும் இல்லை. ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியானால் சுமார் 1,700 லிட்டர் நீராவி. மூடிய அறையில் அளவுக்கு மீறி அடித்தால் அந்த ஆவி கீழே இறங்கித் தரையில் கிடப்பவரை அவித்துவிடும். கூரையோரப் புகைக்குச் சிறு சிறு அடியாகக் கொடுத்துக் குளிர்வித்து, பிறகு எரியும் பொருளின் அடிக்குப் போவதுதான் முறை.

மாடிப்படி எழுதியது:

இவ்வளவு தெளிவாக எதிர்பார்க்கவில்லை, நன்றி. இரண்டு துணைக்கேள்வி. ஆறாவது மாடியில் தீ என்றால் வண்டியிலிருந்து குழாய் படிவழியே ஆறு மாடி ஏறுமா, அல்லது லேண்டிங் வால்வைப் பயன்படுத்துவார்களா? லிஃப்ட்டைத் தீயணைப்பு வீரர்கள் பயன்படுத்துவது சரியா? கீழ்த்தளத்தில் மின்வண்டிகள் சார்ஜ் ஆவதும் கவலையாக இருக்கிறது.

ரைசர் எழுதியது:

வால்வைத்தான் பயன்படுத்துவார்கள், அது வேலை செய்தால். வண்டியிலிருந்து தரைத்தள இன்லெட்டுக்குக் குழாய், அங்கிருந்து கட்டடத்தின் செங்குத்துக் குழாயான ரைசர் வழியே தண்ணீர் மேலே ஏறும். ஆறில் தீ என்றால் ஐந்தாம் தள வால்வில் ஹோஸைப் பொருத்தி அங்கிருந்து ஏறுவார்கள். ஆட்களும் உபரிச் சிலிண்டர்களும் நான்கில் காத்திருக்கும். தீ எரியும் தளத்திலேயே பொருத்தினால், பின்வாங்க நேரும்போது கையில் குழாயும் இருக்காது, புகையில் வழியும் தெரியாது.

லிஃப்ட் பற்றி: தீயணைப்பு சுவிட்ச் உள்ள, தனி மின்வழி உள்ள லிஃப்ட் என்றால் தீத்தளத்துக்கு இரண்டு தளம் கீழேவரை போவார்கள். அதற்கு மேல் நடைதான். அந்தச் சுவிட்ச்சின் சாவி காவலர் அறையில் குறிச்சீட்டோடு தொங்க வேண்டும். செயலாளர் வீட்டு அலமாரியில் இருந்தால் இல்லாததற்குச் சமம். குடியிருப்பவர்கள் எந்த நிலையிலும் லிஃப்ட்டில் ஏறக் கூடாது.

பெரும்பாலான திட்டங்கள் விட்டுவிடும் ஒன்று உண்டு. குழாய் நுழையும் படிக்கட்டின் கதவு மூடாது, ஹோஸ் இடுக்கில் கிடக்கும். அந்த வழியே புகை படிக்கட்டுக்குள் வரும், மேல்மாடிகளுக்கு ஏறும். ஆகவே ஒரு படிக்கட்டு தீயைத் தாக்கப் போகும் குழுவுக்கு, மற்றது ஆட்கள் இறங்குவதற்கு. எது எதற்கு என்பதைக் குழுத் தலைவர் அந்த நேரத்தில் சொல்வார். இரண்டிலும் ஆட்கள் இறங்கிக்கொண்டிருந்தால் குழாயும் ஏறாது, ஆட்களும் இறங்க மாட்டார்கள். படிக்கட்டுகளுக்கு 1, 2 என்று பெரிய எழுத்தில் ஒவ்வொரு தளத்திலும் எழுதிவையுங்கள். செலவென்று ஒன்றும் இல்லாத வேலை, நிமிடக்கணக்கில் மிச்சம்.

ரைசர் ஏன் கைகொடுக்காமல் போகிறது என்றால், கீழ்த்தளத்து வால்வு ஒன்று திறந்தே இருக்கும். தண்ணீர் முழுதும் இரண்டாம் மாடி நடைவழியில் கொட்டும், ஐந்தில் சொட்டுக்கூட வராது. இன்லெட்டின் மூடி காணாமல் போய் உள்ளே கல்லும் காகிதமும் அடைத்திருக்கும். வால்வின் கைச்சக்கரம் திருடு போயிருக்கும், அல்லது துருப்பிடித்து இறுகியிருக்கும். தண்ணீரை ஒரே திசையில் மட்டும் விடும் திரும்பாவால்வு தலைகீழாகப் பொருத்தப்பட்டிருக்கும், இதைச் சோதித்துப் பார்க்காமல் கண்டுபிடிக்கவே முடியாது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை கண்ணால் பார்ப்பது, ஆண்டுக்கு ஒருமுறை தண்ணீர் ஏற்றி அழுத்தம் பார்ப்பது இரண்டும் வேண்டும். முடிந்தால் உள்ளூர் நிலையத்தையே அழைத்து அவர்கள் குழாயைப் பொருத்திப் பாருங்கள். இணைப்பின் அளவோ வகையோ பொருந்தவில்லை என்பது தீ பிடித்த இரவில் தெரியவரக் கூடாது.

வண்டி நிற்கும் இடம்: பிரிட்டனின் கட்டட வழிகாட்டி பம்ப் வண்டிக்கு 3.7 மீட்டர் பாதை அகலம், கேட்டில் 3.1 மீட்டர், தலைக்குமேல் 3.7 மீட்டர் கேட்கிறது. வண்டி நிற்கும் இடத்திலிருந்து இன்லெட் 18 மீட்டருக்குள், கண்ணில் படும்படி இருக்க வேண்டும் என்கிறது. உங்கள் ஊர் விதி வேறாக இருந்தால் அதைப் பின்பற்றுங்கள், ஆனால் டேப் வைத்து அளந்து எழுதுங்கள். ஏணி வண்டிக்குக் கால்களை விரித்து ஊன்ற இன்னும் அகலம் வேண்டும். அந்தக் கால்கள் தொட்டி மூடிமேலோ வடிகால் பலகைமேலோ வந்தால் உடைந்து இறங்கும். நிலத்தடித் தொட்டியின் எல்லையைத் தரையில் வண்ணம் பூசிக் காட்டிவிடுங்கள்.

வால்வைமூடு எழுதியது:

மின்வண்டி பற்றிக் கேட்டிருந்தீர்கள். லித்தியம் பேட்டரி எரியும்போது உலர்தூள் அடித்தால் சுடர் அடங்கியது போலத் தெரியும், உள்ளே சூடு அப்படியே இருக்கும், ஒரு செல்லிலிருந்து அடுத்ததற்குத் தாவும். குளிர்விக்கத் தண்ணீர்தான், அதுவும் நிறைய. ஒரு காருக்கு ஆயிரக்கணக்கான லிட்டர் போகும். அணைந்த பிறகும் மணிக்கணக்கில், சில நேரம் நாள்கணக்கில் கழித்து மறுபடி பற்றும். புகையில் ஹைட்ரஜன் ஃப்ளோரைடு இருக்கும், மூச்சுக்கருவி இல்லாமல் யாரும் கிட்டே போகக் கூடாது. கீழ்த்தளத்தில் சார்ஜிங் இருந்தால் முழு மின்சாரத்தையும் வெட்டும் சுவிட்ச் சரிவுப்பாதையின் மேல்முனையில் இருக்கட்டும். படிக்கட்டின் அடியில் சார்ஜ் போடுவதைத் திட்டத்திலேயே தடை செய்யுங்கள், வெளியேறும் வழியே அடைபடும். மொட்டைமாடியில் சூரியப் பலகை இருந்தால் அதையும் குறிப்பிடுங்கள். மெயினை அணைத்தாலும் பகலில் அந்தக் கம்பிகளில் மின்சாரம் இருக்கும்.

சமையல் வாயு சிலிண்டரின் வாயில் சுடர் எரிந்தால், வால்வை மூட வழியில்லாமல் சுடரை மட்டும் அணைக்கக் கூடாது. எரியாத வாயு காற்றைவிடக் கனம், தரையோடு பரவிக் கீழ்த்தளத்துக்கு இறங்கும். காற்றில் இரண்டு சதவீதம் கலந்தாலே பற்றும். குழு சிலிண்டரின் உடலைத் தூரத்திலிருந்து நனைத்துக் குளிர்வித்துக்கொண்டே சுடரை எரிய விடுவதைப் பார்த்து "அணைக்கத் தெரியவில்லை" என்று கூச்சல் போடுவார்கள். அவர்கள் செய்வது சரி. தொடர்ந்து சூடேறும் சிலிண்டர் கிழிந்து வெடிப்பதைத்தான் அந்தத் தண்ணீர் தடுத்துக்கொண்டிருக்கிறது.

தீ இல்லாத அழைப்பு ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கழிவுநீர்த் தொட்டிக்குள் ஒருவர் மயங்கி விழுந்தால், காப்பாற்ற இன்னொருவர் இறங்கக் கூடாது. ஹைட்ரஜன் சல்பைடு வாயு காற்றில் 100 பிபிஎம் (பத்து லட்சத்தில் 100 பங்கு) அளவை எட்டினால் மூக்கு அதை உணர்வதையே நிறுத்திவிடும், நாற்றம் இல்லை என்பதால் ஆபத்து இல்லை என்று நினைத்து இறங்குவார்கள். ஒரு சாவு இரண்டாவதும் மூன்றாவதும் அப்படித்தான்.

கட்டுப்பாட்டுமேசை எழுதியது:

கேட்டில் நிற்கப்போகும் ஆளைப் பற்றி யாரும் சொல்லவில்லை, அதனால் மறுபடி வந்தேன். இருவரை நியமியுங்கள். ஒருவர் தெருமுனையில் நின்று கை காட்ட, ஒருவர் கேட்டில் சாவிகளோடு. வண்டியிலிருந்து இறங்கும் தலைவரிடம் கேட்டில் நிற்பவர் இருபது நொடியில் சொல்ல வேண்டியது: "ஆறாவது தளம், 603, சமையலறைப் பக்கம். கதவு மூடியிருக்கிறது. எண்ணிப் பார்த்தோம், இருவர் குறைகிறார்கள், கடைசியாகப் படுக்கையறையில் பார்த்தது. அந்தத் தளத்து மின்சாரத்தை வெட்டியாயிற்று. உள்ளே ஒரு சிலிண்டர். இன்லெட் உங்கள் இடப்பக்கம், தொட்டி மூடி திறந்திருக்கிறது."

"எல்லோரும் வந்துவிட்டார்கள் என்று நினைக்கிறேன்" என்ற பதில் மட்டும் வரக் கூடாது. அது வந்தால் குழு ஒன்பது மாடியையும் அறை அறையாகத் தேடியாக வேண்டும். ஒவ்வொரு தளத்துக்கும் ஒருவர் தலை எண்ணி, குறைபவரின் வீட்டு எண்ணைக் கேட்டில் நிற்பவரிடம் தாளில் எழுதிக் கொடுக்கட்டும். இரவில் தூங்குபவர்களின் எண்ணிக்கை தளவாரியாக ஒரு பட்டியலில் காவலர் அறையில் இருக்க வேண்டும், மாதம் ஒருமுறை திருத்த வேண்டும்.

மாடிப்படி எழுதியது:

பட்டியல், படிக்கட்டு எண், லிஃப்ட் சாவி, தொட்டி மூடிக் கம்பி, கேட்டில் இருவர் ஆகியவற்றைத் திட்டத்தில் சேர்த்துவிட்டேன். சன்னலை உடைக்கக் கூடாது, வெளியேறும்போது எரியும் அறையின் கதவை மூடிவிட்டு வர வேண்டும் என்ற இரண்டையும் முதல் பக்கத்திலேயே போடுகிறேன். ரைசரில் தண்ணீர் ஏற்றிப் பார்க்க உள்ளூர் நிலையத்துக்குக் கடிதம் எழுதப் போகிறேன். இணைப்பு பொருந்தியதா, எந்த வால்வு ஒழுகியது என்ற விவரத்தோடு இங்கேயே எழுதுகிறேன்.